தானே கிளம்பிய வண்டி

ஓட்டுநர் இல்லாத ரயில்கள் வந்த பிறகு, அந்தத் தடத்தின் பழைய ஓட்டுநர்களில் அவளை மட்டும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். வேலை என்றால், முன் அறையில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பது. எதையும் தொடக் கூடாது. இத்தனை காலம் வண்டி ஓட்டிய கை மடியில் சும்மா கிடந்தது. "நோகாம சம்பளம்" என்று புருஷன் கிண்டல் பண்ணுவான். அவளும் ஒப்புக்குச் சிரித்துவைப்பாள்.

அன்று மத்தியானம் வளைவு தாண்டியதும் வண்டி குலுங்கியது. என்ன ஏதென்று அவளுக்குப் புரிவதற்குள் நின்றே விட்டது. முன்னால், தண்டவாளத்துக்கு நடுவே ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது.

அவள் இறங்கிப் போனாள். பதறியிருக்க வேண்டும். பதற்றம் வரவில்லை.

"ஏம்மா நிறுத்தினே?" என்றார் பெரியவர்.

"நான் நிறுத்தலைங்க. அதுவா நின்னுச்சு."

அவர் வண்டியை அண்ணாந்து பார்த்தார். "அப்ப உனக்கு என்ன வேலை?"

"இப்படி யாராவது கேட்டா பதில் சொல்றது."

கை கொடுத்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். கால் மரத்துப் போயிருந்தது; தாங்கிப் பிடித்துத்தான் ஓரத்துக்குக் கூட்டிவந்தாள். பாதை காலியானதும் வண்டி ஒரு தடவை ஊதிவிட்டுத் தன்பாட்டில் கிளம்பியது.

"உன்னை விட்டுட்டுப் போகுதேம்மா" என்றார், தன் கவலையை மறந்து.

"போகட்டும். வாங்க, நடக்கலாம்."

சரளைக்கல்லில் மெதுவாக நடந்தார்கள்.

"வீட்ல யாருங்க இருக்காங்க?"

"மக இருக்கா. நல்லாத்தான் பாத்துக்கறா. ஒரு துரும்பைத் தொட விடமாட்டா."

அவள் "ம்" என்றாள்.

நிலையத்திலிருந்து அவர் மகளுக்குப் போன் போட்டாள். ஓடிவந்த மகள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு இருவருமாக ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிப் போனார்கள்.

நிலைய அதிகாரி பெருமையாகச் சொன்னார்: "வண்டி நேரத்துக்குப் போய்ச் சேந்துருச்சுக்கா. நீங்க இல்லாதது யாருக்குமே தெரியலை."

அடுத்த வாரம் முன் அறையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயணிகளுக்கு இருக்கை போட்டார்கள்.

விஷயத்தைக் கேட்ட புருஷன் சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அழணும்னா அழுதுடு" என்றான்.

அவளும் முயன்று பார்த்தாள். வரவில்லை.

"அடுப்புல என்னமோ தீயுது, போய்ப் பாருங்க" என்றாள்.