ஒத்தப்பனை விலக்கு டவுனான கதை

பிடரியில் ஆரம்பித்த வலி அன்றைக்கு முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது. வாழைத்தார் தூக்கின கழுத்து. சின்னமனூர்த் தோட்டங்களிலிருந்து லாரிக்குத் தார் சுமந்தே பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு இப்போது தலை மட்டும் தனியாகத் திரும்பாது, உடம்போடுதான் திரும்ப வேண்டும். சந்தனம்மாள் அப்படித்தான் உடம்போடு திரும்பிப் பார்த்தாள். ரோட்டோரம் கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா கட்டுறீக?"

"காம்பவுண்டு சுவருதான்க்கா. மண்டபத்துக்காரவுக சொன்னாக."

நூல் கல்யாண மண்டபத்து மூலையில் ஆரம்பித்து டைல்ஸ் கடைச் சுவரில் போய் முட்டியது. நடுவில் இருந்த ஆறடிச் சந்துதான் மெயின் ரோட்டிலிருந்து அவள் டீக்கடைக்கு வருகிற வழி. நூல் அதற்குக் குறுக்கே நின்றது.

தம்பிக்குப் போன் போட்டாள். "உன்னையப் பாக்கத்தான்க்கா வந்துக்கிட்டிருக்கேன்" என்றான் தங்கப்பாண்டியன். குரலில் ஒரே சந்தோசம்.

கடையும் மண்டபமும் நிற்பது அவர்கள் அப்பன் விட்டுப்போன இடம். தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே இருக்கிற ஊர்களுக்குப் பிரிந்து போகிற முக்கு. முன்னே அங்கே ஒரு பனைமரமும் சந்தனம்மாளின் தகரக் கொட்டகையும்தான். மலைக்கு மேலே ஏலத்தோட்டக் கூலிக்குப் போகிற பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு, விடியக்கருக்கலில் ஜீப்புகள் வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு டீ, ரெண்டு பணியாரம். புருசன் அழகுமலை செத்த பிறகு, தார் சுமக்கிறதை விட்டுவிட்டு அந்த அடுப்பை நம்பித்தான் மகள் சுபாஸ்ரீயை வளர்த்தாள்.

ரோட்டை அகலமாக்கினதும் தம்பி வந்தான். இடம் வாங்கி விற்கிற தொழிலில் நாலு காசு பார்த்தவன்.

"அக்கா, தேனியும் நெறஞ்சு போச்சு, கம்பமும் நெறஞ்சு போச்சு. இனிமே ரெண்டு ஊரும் வழிஞ்சு வந்து விழுகுற எடம் இதுதான். பாத்துக்கிட்டே இரு, தேனிக்காரன் பஸ் ஏறி இங்கன துணி எடுக்க வருவான். நீ டவுனுக்கு நட்டநடுவுல கடை வெச்சிருப்ப."

அவளுக்கும் அந்த இடத்தில் பங்கு உண்டு. பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சுபாஸ்ரீ சடங்குக்கு மேளம் வைத்துத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவனிடம் பேரம் பேசுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. பதிலுக்கு, ரோட்டோரம் வரப்போகிற கட்டடங்களுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு கடை, அந்தக் கடைக்கு மெயின் ரோட்டிலிருந்து ஆறடிப் பாதை என்று பேச்சு. கடை அவள் பேரில் எழுத்தில் ஏறியது. பாதையையும் எழுதிவிடலாமா என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டபோது சந்தனம்மாள்தான் சிரித்தாள்.

"கூடப் பொறந்தவன் வாசல்ல நடக்குறதுக்கும் எழுதி வாங்கணுமாக்கும்?"

டவுன் வராமலில்லை. பைக் ஷோரூம் வந்தது, டைல்ஸ் கடை வந்தது, தம்பியின் கல்யாண மண்டபம் வந்தது. தேக்கடி போகிற கார்க்காரர்களுக்கென்று ஒரு ஓட்டல் வந்தது. ராத்திரியானால் போர்டு வெளிச்சத்தில் ரோடே பகலாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர், ஒரு கேட், விசில் வைத்துக்கொண்டு ஒரு வாட்ச்மேன். டைல்ஸ் பார்க்க வந்தவன் டைல்ஸைப் பார்த்துவிட்டுக் காரேறிப் போய்விடுவான். பக்கத்து வாசலில் என்ன விற்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நடந்து போனவனை சந்தனம்மாள் கண்டதே கிடையாது. நடக்கிறவன் இல்லாத ஊரில் டீ யாருக்கு?

சுபாஸ்ரீ தேனியில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். டவுன் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள். "இது டவுனு இல்லம்மா. டவுனு மாதிரி எடுத்த போட்டோ" என்பாள்.

"பஸ்ஸு நிக்கட்டும்டி. ஆளு எறங்குனா எல்லாம் தானா வரும்."

அந்தப் பஸ்ஸும் இல்லாமல் போனது. மண்டபம் திறந்த கொஞ்ச நாளில், வாசலில் நின்றுகொண்டிருந்த பஸ் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது. பஸ் போன இடத்துக்கே ஜீப்புகளும் போய்விட்டன. தம்பியைக் கேட்கும்போதெல்லாம் "பேசிக்கிட்டிருக்கேன்க்கா" என்றான்.

போன வாரம் தேனிக்குப் போகையில் கண்டக்டர் ஒச்சாண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏப்பா, இம்புட்டுப் பெரிய டவுனு வந்திருச்சு. நிப்பாட்ட மாட்டேங்கிறீகளே?"

"டவுனா? டிக்கெட்டுல இன்னமும் விலக்குன்னுதான் இருக்கு ஆத்தா. விலக்குன்னா என்ன? எறங்கி வேற எங்கிட்டோ போற எடம். அங்கனயே எறங்கி நிக்கிறதுக்கு எவன் டிக்கெட் எடுக்கான்?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒச்சாண்டி குரலை இறக்கினான். "நாங்களா மாத்தல ஆத்தா. உங்க தம்பிதான் வந்து எங்க ஓனரைப் பாத்துப் பேசுனாக. மண்டபத்து வாசல்ல பஸ்ஸு நின்னா காரு திரும்ப முடியலையாம்."

அதை வாயில் போட்டு மென்றுகொண்டே ஒரு வாரம் இருந்தாள். என்னமோ காரணம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடப் பிறந்தவனை வேறெப்படி நினைப்பது?

தங்கப்பாண்டியன் காரை ரோட்டில் விட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, கொத்தனாரின் நூலைத் தாண்டிக் கால் வைத்து வந்தான். கையில் தாம்பாளம். பழம், வெற்றிலை, பட்டுச்சேலை, மேலே பத்திரிகை.

"தேனில வீடு முடிஞ்சிருச்சுக்கா. தை பொறந்ததும் பால் காய்ச்சணும். நீ வந்து அடுப்புப் பத்த வெச்சாத்தான் எங்களுக்கு அந்த வீட்டுல சோறு."

அவர்கள் வகையில் புதுவீட்டு முதல் பாலைக் கூடப் பிறந்தவள்தான் காய்ச்ச வேண்டும். அவள் வராத வீட்டைப் பற்றி ஊர் பேசும். சந்தனம்மாள் தாம்பாளத்துக்குக் கை நீட்டவில்லை.

"இது என்ன சுவரு?"

"மண்டபத்தைக் குடுத்துட்டேன்க்கா. வாங்குனவுக வெளியூர்க்காரவுக. முன்பக்கம் ஒரே வீச்சா இருக்கணுங்கிறாக."

"என் பாதை?"

"பின்னால கண்மாய்க் கரை இருக்குல்ல."

"கண்மாய்க் கரையில ஆடுதான்டா வரும். ஆடு டீ குடிக்குமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வாங்குனவுககிட்ட என் பாதை இருக்குன்னு சொன்னியா?"

"எழுத்துல இல்லாததை எப்படிக்கா சொல்றது?"

நூலுக்கு அந்தப் பக்கம் கொத்தனார் சாந்து குழைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, வித்த காசுல என்ன செய்யப்போற?"

"தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கடை பிடிச்சிருக்கேன். ஜவுளி."

"ஏன், இங்கன போட வேண்டியதுதான?"

"இங்கனயா? இங்கன எவன்க்கா வருவான்?"

சொன்ன பிறகுதான் அவன் காதுக்கே அது கேட்டது. தாம்பாளத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பழத்தை நேராக்கினான், நேராக இருந்த பழத்தை.

"எவனும் வரமாட்டான்னு தெரிஞ்சுதான் பஸ்ஸையும் தள்ளிவிட்டயா?"

"யாரு சொன்னா?"

"பொய்யின்னு சொல்லு. நம்பிக்கிறேன்."

சேலை நல்ல விலை என்றான். மாப்பிள்ளை பார்க்கிறதென்றால் சுபாஸ்ரீக்கு நான் இருக்கிறேன் என்றான். சந்தனம்மாள் தாம்பாளத்தைத் தூக்கினாள். கழுத்து சுளீரென்றது. உடம்போடு திரும்பி நடந்து போய், நூலுக்கு அந்தப் பக்கம் இருந்த செங்கல் குவியல் மேல் அதை வைத்தாள்.

"பாதையக் குடுத்துட்டு வந்து கூப்பிடு. பால் காய்ச்ச வாறேன்."

"அது இப்ப என் கையில இல்லக்கா."

"அடுப்புப் பத்த வைக்கிறது என் கையில இருக்கு."

கார் திரும்பிப் போனது. இப்போது மறிக்க பஸ் எதுவும் நிற்கவில்லை, சுலபமாகத் திரும்பியது. கொத்தனார் கரண்டியோடு தயங்கி நின்றான்.

"அக்கா, வைக்கவா?"

"வையிப்பா. நீ கூலிக்கு வந்தவன்." அவனுக்கு ஒரு டீ ஆற்றிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் சுவர் இடுப்புக்கு வந்தது. மறுநாள் அவளுக்கு ரோடு தெரியவில்லை, ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

தையில் தேனி வீட்டில் பாலைக் காய்ச்சினது தம்பி பெண்டாட்டியின் தங்கச்சி என்று சுபாஸ்ரீ கேள்விப்பட்டு வந்து சொன்னாள். சந்தனம்மாள் இப்போது விடியக்கருக்கலில் டீக்கேனையும் பணியாரச் சட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு, கண்மாய்க் கரையில் நடந்து, ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போகிறாள். அதே கழுத்து, சுமை மட்டும் வேறு.

கடை அவள் பேரில்தான் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து அதன் வாசலுக்கு ஆறடிப் பாதை என்று பேச்சு. தங்கப்பாண்டியன் அதை இன்னும் தர வேண்டியிருக்கிறது.