மாட்டுச் சூடு

பசுமாடு மகாராணி வழக்கம்போல இடது காதைத் தாழ்த்தி, முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் வைத்தது. காதுக்குள் கடித்துத் தொங்கிய உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து அவர் நசுக்கினார்.

"டப்பால மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சிருக்கேன். அதுல போடுங்கன்னா கேக்கறீங்களா?" என்றாள் மனைவி.

"டப்பால போட்டா கொன்ன பேரு மண்ணெண்ணெய்க்குப் போயிடும். என் கையால செத்தாத்தான் மகாராணிக்கு மனசு ஆறும். நீ போய் உன் பூதக்கண்ணாடியக் கட்டிக்கிட்டு அழு, லேப்பம்மா."

கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற சண்டைதான். அந்த வீட்டில் வழக்கம்போல நடந்த கடைசிக் காரியமும் அதுதான்.

கால்நடை மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சில நாள் கழித்து ஒரு காலையில் மகாராணி தீனியைத் தொடவில்லை. மூத்திரம் காப்பித் தண்ணீர்போல இறங்கியது. மாட்டு டாக்டர் தொழுவத்துக்கே வந்துவிட்டார்.

"உண்ணியால வர்றதுலயே ரெண்டு மூணு வகை இருக்கும்மா. ஒண்ணோட மருந்து இன்னொண்ணுக்குக் கேக்காது. ரத்தத்தப் பாத்துச் சொல்லு, ஊசியோட நிக்கறேன்" என்றவர், அவள் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா, மூஞ்சியப் பாத்தா காய்ச்சல் மாட்டுக்கா உனக்கான்னே தெரியலயே?"

"பாசம் சார். ஒட்டிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, அவள் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் இழுத்தாள். அப்போது அவர் முழங்கை அவள் கன்னத்தில் பட்டது. கொதித்தது. மாட்டை அணைத்து நிற்கிற உடம்பு, மாட்டுச் சூடு ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு ஓடினாள். சாயம் ஏறும்வரை நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் அகப்பட்டுவிட்டது. சிவப்பணுக்களுக்குள் கிருமிகள் பேரிக்காய் வடிவத்தில் இரண்டிரண்டாக, நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டு கிடந்தன. உடனே போன் போட்டுச் சொன்னாள். டாக்டர் ஊசி போட்டார்.

கணவரிடம் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தவளைக் கொழுந்தன் வாசலிலேயே மறித்தான்.

"அண்ணி, அண்ணன் எந்திரிக்க மாட்டேங்குது. மூக்குல ரத்தம் நிக்கல."

ஆஸ்பத்திரியில் அவருடைய ரத்தத்தை எடுத்தபோது, அங்கிருந்த பரிசோதனைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் பாத்துக்கறேம்மா. மாட்டுக்கு இருந்தது இவருக்கும் இருந்தா மருந்து இருக்கு." அந்தப் பெண் நுண்ணோக்கிக்கு முன்னாலிருந்த நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இருக்கட்டும், ஒரு ஜோடியாவது இருக்கட்டும் என்று கிருமிக்காக வேண்டிக்கொண்டாள். சிவப்பணுக்கள் துடைத்து வைத்ததுபோல இருந்தன. இடைவெளிகளில் பொடி மணல்போல இறைந்து கிடக்கவேண்டிய, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்களைத்தான் காணவில்லை.

"இது வேற கிருமிம்மா, உண்ணிலேர்ந்து மனுசனுக்கு ஒட்டற வைரஸ். இந்தக் கண்ணாடில தெரியற அளவுக்குப் பெருசு இல்ல" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "உண்ணியக் கையால நசுக்குவாரா?"

அவள் கணவரின் கையை எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகங்களின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு இன்னும் இருந்தது.

சாயங்காலம் அவர் கண் திறந்தார். "தின்னுச்சா?"

"தின்னுச்சுங்க. நல்லாத் தின்னுச்சு."

அது தின்றதா என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தின்றுகொண்டுதான் இருந்தது என்று, எல்லாம் முடிந்து அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கொழுந்தன் சொன்னான்.

இப்போது அவள்தான் உண்ணி எடுக்கிறாள். கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் பிடுங்கி, மண்ணெண்ணெய் டப்பாவில் போடுகிறாள். வலது காதில்தான் அதிகம் என்று அந்தப் பக்கம் முக்காலியைப் போட்டாலும், மகாராணி சுற்றி வந்து இடது காதைத்தான் முதலில் தாழ்த்துகிறது.