ஊசிக் காய்ச்சல்

இதை எழுத உட்காரும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. என் கணவருக்கு இருமல் வந்தது தடுப்பூசி போடுவதற்கு முன்பா, பின்பா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. முன்பே இருந்தது என்றுதான் என் நினைவு சொல்கிறது. சிவகிரியில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டு வந்த சில நாட்களில், காலையில் பல் தேய்க்கும்போது இரண்டு மூன்று முறை இருமினார். நான் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அப்படித் திரும்பிப் பார்த்தது நிஜமா, இல்லை பின்னால் எனக்கு அது தேவைப்பட்டதால் நானே உண்டாக்கிக்கொண்டதா என்று யாராவது அழுத்திக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் மாமியார் அப்படி ஒரு இருமலே கிடையாது என்கிறார். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தெருவில் போகிற பால்காரரின் மணியைக் கேட்டுவிடுகிற காது அவருக்கு.

2021ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. முழு ஊரடங்கு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் இருந்தன. அவை நின்றுவிட்டன. தெருவில் எல்லார் வீட்டுத் தறிகளும் நின்றுவிட்டன. கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லாமல் நான் ஒரு பகலைக்கூடக் கண்டதில்லை. ஊரே பயந்து கிடந்த அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது. நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. மொட்டைமாடியில் நான் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன், அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம் கழித்து, "போவமா" என்பார். அவ்வளவுதான். மகள் காவியா ராயகிரியில் என் அக்கா வீட்டில் இருந்தாள். வீட்டில் நானும் அவரும் மாமியாரும் மட்டும்.

பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டபோது நான்தான் போகலாம் என்றேன். மாமியார் வரமாட்டேன் என்றுவிட்டார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் சலாவுதீன் நின்றார். எங்களுக்கு நூல் மூட்டை ஏற்றிவரும் ஆட்டோக்காரர், என் கணவருக்குப் பள்ளிக்கூடச் சிநேகம். ஆனாலும் தான் ஒரு வயது இளையவர் என்று என் கணவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, "இத போட்டா ரெண்டு வருசத்துல ஆளு காலியாம்லா வே. வாட்ஸப்புல வருது" என்றார்.

"அப்பம் ரெண்டு வருசம் கேரண்டி இருக்குன்னு சொல்லுதீரு" என்றார் சலாவுதீன். "என் ஆட்டோவுக்கே அவ்வளவு கெடையாது வே. நவுரும், நான் முன்னால போறேன்."

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருமல் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஊசி போட்ட நர்ஸ் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ராத்திரி காய்ச்சல் வரும், கை வலிக்கும். மாத்திரை போடுங்க. ரெண்டு நாள்ல விட்டுரும். மூணாம் நாளும் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். ஊசிக் காய்ச்சல்னு வீட்டுலயே இருக்கப்படாது."

சொன்னபடி இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எலும்பெல்லாம் நொறுங்குவதுபோல வலி. ஆளுக்கொரு போர்வைக்குள் கிடந்து நடுங்கினோம்.

"ஜோடியா போயிருவோம்னு நெனைக்கேன்ட்டி" என்றார்.

"சும்மா கெடங்க."

மாமியார் மிளகு ரசத்தை இரண்டு டம்ளரில் கொண்டுவந்து நங்கென்று வைத்தார். "நல்லா இருந்த ஒடம்ப நீட்டிக் குத்து வாங்கிட்டு வந்திருக்குதுவோ. யாரு போவச் சொன்னா?"

அடுத்த நாள் சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் விட்டது. அவருக்கு விடவில்லை. ஆண் உடம்பு, கொஞ்சம் தாமதமாக விடும் என்று நினைத்தேன். எனக்கும் வந்து போனதுதான் என்னை ஏமாற்றியது. ஒரே நாளில், ஒரே ஊசியில், ஒரே மாதிரி வந்த காய்ச்சல். அதற்குள் வேறொரு காய்ச்சல் ஒளிந்திருக்கும் என்று எப்படித் தோன்றும்?

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் புறப்படத்தான் இருந்தோம். சட்டை மாற்றுவதற்கு முன் மாமியார் ஈரத்துணியால் அவர் நெஞ்சைத் துடைத்தார். துடைத்த கை நின்றது. நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. மாமியார் துணியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"தாயே, வந்துட்டியா" என்றார்.

கோடையில் எங்கள் பக்கம் அம்மை வருவது புதிதில்லை. அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அடுப்படியில் தாளிப்பது நின்றது. வேப்பிலை தொங்குகிற வீட்டுக்குள் வெளியாள் வரமாட்டார். அம்மை கண்டவரைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே இறக்கவும் மாட்டார்கள்.

"அத்தே, நர்ஸம்மா மூணாம் நாள் கட்டாயம் வரச் சொன்னாங்க" என்றேன்.

"அது ஊசிக் காய்ச்சலுக்கு. இது அவ வந்திருக்கா. அவ இருக்கைல ஊசி மருந்துன்னு பேசப்படாது." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் மூத்தவனுக்கு முத்து போட்டப்ப நான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன். ஊசி போட்டாங்க. திரும்பி வரும்போது தோள்ல கிடந்த பிள்ளைக்கு உசுரு இல்ல. எனக்குத் தெரியும்ட்டி."

அவருக்கு முதலில் ஒரு பிள்ளை பிறந்து இறந்தது எனக்குத் தெரியும். எப்படி இறந்தது என்று அன்றுவரை தெரியாது. நான் என் கணவரைப் பார்த்தேன்.

"அம்மா சொல்றபடி இருப்போம்" என்றார் அவர். "இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போன எவன் திரும்பி வந்தான், சொல்லு."

அன்று மதியமே நான் தூரமானேன். மாதவிலக்கு வரவேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கும் மேல் இருந்தது. வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போனது. ஊசி போட்ட பெண்கள் பலருக்கு அப்படி நாள் தவறி வந்தது என்பது பிறகு பேச்சில் வந்தது. அப்போது யாரும் சொல்லவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. சாதாரண நாட்களில் எங்கள் வீட்டில் பெரிய கண்டிப்பு கிடையாது. சாமி படத்தின் பக்கம் போகாமலிருந்தால் போதும். அம்மை வந்த வீட்டில் அது நடக்காது. தூரமானவள் நிழல்கூட அம்மை கண்டவர்மேல் விழக்கூடாது.

"நீ கொட்டகைல இரு" என்றார் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை. "உன் ஒடம்பும் நோவா இருக்கும். படு. நான் பாத்துக்கிடுதேன்."

இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. படுத்தால் போதும் என்று இருந்தது. இரண்டு தறிகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்தேன். மாமியார் கஞ்சியைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போவார். கொட்டகைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு முற்றம்தான்.

அவர் போன் செய்தார்.

"கல்யாணத்துக்கு முன்னகூட நாம இப்படி போன் பேசலயேட்டி" என்றார்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. எளநி குடிச்சேன். ஒண்ணும் ருசியே இல்ல."

"அத்தே பக்கத்துல இருக்காங்களா?"

"அவ எங்க நவுருதா. விசிறிக்கிட்டே இருக்கா. ஏதோ பச்சப்பிள்ளைன்னு நெனப்பு."

அடுத்த நாள் அவர் அழைத்தபோது பேச்சு குறைந்திருந்தது. ம் என்றார். சரி என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனை வைக்காமலே இருந்தார். நானும் வைக்கவில்லை. மாடியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் எனக்கு இருந்தது. போனைக் காதில் வைத்தபடி மேலே ஓட்டு இடுக்கில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த மௌனத்தில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

முதல் தண்ணீர் ஊற்றும் நாளன்று காலையிலேயே மாமியார் முற்றத்தில் அண்டாவை வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேற வைத்தார். நான் கொட்டகைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். என் கணவர் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்னறையிலிருந்து முற்றத்துக்குப் பத்தடி இருக்குமா? நடுவில் இரண்டு தடவை நின்றார். மணையில் உட்கார்ந்ததும் குனிந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் தோள்கள் மேலே ஏறி இறங்கின. குளிரில் நடுங்குகிறார் என்று முதலில் நினைத்தேன். மே மாத வெயிலில் என்ன குளிர்?

அவர் உள்ளே போனதும் நானே போன் செய்தேன். எடுத்தார். பேசவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். அந்த மௌனத்துக்குள் ஒரு சத்தம் இருந்தது. துண்டு துண்டாக, பாதியில் அறுந்து அறுந்து வருகிற மூச்சு. நேற்றும் அதுதான் இருந்திருக்கும்.

"ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் நிறுத்தாம எண்ணுங்க" என்றேன்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." இடைவெளி. "நாலு."

ஐந்து வரவில்லை.

நான் முற்றத்தைத் தாண்டினேன். மாமியார் முன்னறை வாசல் நிலையில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"ஏட்டி, அங்கனயே நில்லு. உள்ள வந்திராத. அவ கோவத்த நீ தாங்க மாட்ட."

"அத்தே, அவருக்கு மூச்சு ஓடல."

"தண்ணி ஊத்துன அசதி. சாயங்காலம் சரியாயிரும். ஏட்டி, உன் கால்ல விழுதேன், உள்ள வராத."

அவர் நிஜமாகவே குனிந்தார். குனிந்தவரைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். கட்டிலின் விளிம்பில் அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் தொட்டதும், வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். அது என் நிலைமைக்காகச் சொன்னதா, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றா, தெரியவில்லை.

நான் போன் செய்ததும் ஆட்டோவோடு வந்த சலாவுதீன், வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவரைத் தூக்கினார். "மதினி, நீங்க பின்னால ஏறி அண்ணாச்சியப் பிடிச்சுக்கிடுங்க. சாய விட்றாதீங்க" என்றார். மாமியார் ஒரு கொத்து வேப்பிலையை மகனின் இடுப்பில் செருகிவிட்டு, அவரும் ஏறிக்கொண்டார். வழியில் என்னைப் பார்க்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலில் மாட்டுகிற மெஷினை மாட்டிப் பார்த்தார். உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார்.

"அம்மா எறங்கியிருக்காய்யா" என்றார் மாமியார்.

"ஊசி போட்ட அன்னிலேருந்து" என்றேன்.

டாக்டர் சட்டையை விலக்கிப் பார்த்தார். "இது அம்மை இல்லம்மா. கொரோனால சில பேருக்கு இப்படி தடிக்கும். வேர்க்குருவாக்கூட இருக்கலாம். நுரையீரல்தான் போயிருக்கு. ஊசி போடும்போதே உள்ள இருந்திருக்கும். அதுக்கு முன்ன இருமல் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

"இல்ல" என்றார் மாமியார்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். டாக்டர் என் கணவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவருக்கு மட்டும்தான் தெரியும். முகமூடிக்குள் அவர் மூச்சு புகையாகப் படிந்து கலைந்தது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். ஒருவரைப் பொய்யாக்கிவிட்டுப் போக வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஒன்றும் நினைக்கத் தெம்பில்லாமலும் இருந்திருக்கலாம். அன்று மாலை திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். கூட யாரும் ஏறக்கூடாது என்றார்கள்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கட்டிய பொட்டலமாகத் தூரத்தில் இருந்து காட்டினார்கள். சலாவுதீன்தான் கிட்டே போய்ப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார்.

வீட்டில் எனக்கு இரண்டு குற்றச்சாட்டுகள் காத்திருந்தன. ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். தீட்டோடு நிலையைத் தாண்டி அம்மனை விரட்டியவளும் நான். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும் என்று நான் மாமியாரிடம் கேட்கவில்லை. தெருவுக்கு முதலாவது போதுமானதாக இருந்தது. அடுத்த முகாமுக்கு எங்கள் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து வந்த ஒரு பெண், "நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க, உங்க வீட்டுக்காரரு ஊசியால போகலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இருமல் இருந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இரண்டாம் ஊசிக்கான நாள் வந்தது. நான் முகக்கவசம் போடுவதைப் பார்த்து மாமியார் எழுந்து உட்கார்ந்தார்.

"போறியாட்டி?"

"ஆமா அத்தே."

"அந்தப் பிள்ளைய அநாதையாக்கணுமா?"

பயமில்லாமல் போனேன் என்று சொன்னால் பொய். டாக்டர் சொன்னதை நம்புகிறவள் போகத்தான் வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. போகாமல் வீட்டில் இருந்தால், அவரைக் கொன்றது அந்த ஊசிதான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அன்று இரவு காய்ச்சல் வந்தது. மாமியார் வாசல் பக்கமே படுத்திருந்தார். நான் புரளும்போதெல்லாம், "ஏட்டி, இருக்கியா" என்று கேட்டார். "இருக்கேன்" என்றேன். விடியும்வரை அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

என் கணவர் இசக்கித்துரை திருநெல்வேலியில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. மாமியார் பார்வதியம்மாள் இரவு பகலாக அவரைத் தொட்டுத் தூக்கியும் தலைவலி தவிர ஒன்றும் வரவில்லை. அவர் இன்றுவரை தடுப்பூசி போடவில்லை. என்னோடுதான் இருக்கிறார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. சலாவுதீனுக்கு அடுத்த வாரமே காய்ச்சல் வந்து, ஒரு மாதம் கிடந்து பிழைத்தார். இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மூட்டை தூக்குவதில்லை. எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தறிகளை விற்றுவிட்டோம். நான் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காவியா திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். அப்பா எதனால் இறந்தார் என்று அவள் என்னிடமும் கேட்பதில்லை, பாட்டியிடமும் கேட்பதில்லை.