கேமரா பார்த்த முகம்

எந்திரங்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் கடையில், "கத்துக்குட்டிக்கு ஏத்த ஃபிலிம் கேமரா இருந்தா குடுங்க" என்று கேட்டு வாங்கினேன். பட்டனை அழுத்தினால் போதும், ஃபோகஸை அதுவே பார்த்துக்கொள்ளும். கைப்பேசியில் எடுப்பதை அம்மா படமாகவே மதிப்பதில்லை. கழுவி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினால்தான் அவருக்குப் படம்.

அவர் கேட்டதும் ஒரே ஒரு படம்தான். என் இரண்டு அண்ணன்களும் சேர்ந்து நிற்க வேண்டும். செல்வா அண்ணனின் கல்யாணப் பத்திரிகையில் பெரியண்ணன் காளிதாஸின் மனைவி பெயர் விட்டுப்போனது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. தீபாவளிக்குக்கூட மலேசியாவில், கோத்தா திங்கியில் உள்ள அம்மா வீட்டுக்கு ஒருவர் காலையில் வருவார், மற்றவர் சாயங்காலம். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தீபாவளிக்கு அம்மா அழுது அடம்பிடித்து இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு வரவழைத்துவிட்டார். வாசலில் நிறுத்தினேன். நடுவில் இன்னோர் ஆள் தாராளமாக நுழையலாம்.

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்க லா!"

இருவரும் அசையவில்லை. ஃபிலிமில் ஒன்றுதான் மிச்சம். மற்றதையெல்லாம் முறுக்குத் தட்டுக்கும் பூனைக்கும் தீர்த்திருந்தேன். ஃபோகஸ் ஆகிவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்தது, அழுத்தினேன்.

கழுவி வந்த படத்தைப் பார்த்ததும் கேமராவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அண்ணன்கள் இருவரும் மங்கல். படத்தின் நடுவில் எது இருக்கிறதோ அதைத்தான் இந்தக் கேமரா தெளிவாகப் பிடிக்குமாம். நடுவில் அண்ணன்கள் இல்லை. அந்த இடைவெளி வழியாக அது வீட்டுக்குள் போயிருந்தது.

உள்ளே அம்மா, கதவைப் பிடித்தபடி. கன்னம் ஒட்டிப்போய், ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்க, பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று நாங்கள் எல்லோரும் சண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குடும்ப வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டேன்.

பெரியண்ணன், வேலை பார்க்கும் சிங்கப்பூரிலிருந்து எழுதினார்: "செல்வா, அம்மா எப்ப இப்படி எளச்சாங்க?"

"தெரியலண்ணே. நாளைக்கு லீவு போடுறேன். நீங்களும் வாங்க, கிளினிக்குக் கூட்டிட்டுப் போலாம்."

கிளினிக்கில் ஆளுக்கொரு பக்கம் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெரியண்ணன் அவர் கையை விடவே இல்லை. அம்மா படத்தைக் கேட்டு வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னடி லோஷினி, எம்புள்ளைங்க மூஞ்சியே தெரியல?"