பதினொன்றே கால் மணி வெயில்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணி வெயில், ஆறு அங்குல நீளமும் நாலு அங்குல அகலமும் உள்ள ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அது வெளியே போகவில்லை. பெட்டியைச் செய்தவர் கடைவீதியில் திருகாணியும் கீலும் கொண்டியும் விற்பவர். வீதியில் அவருக்குக் 'கடைசிவிலை' என்று பெயர். வந்தவர் வாயைத் திறக்குமுன்பே "இதுதான் கடைசி விலை" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு நாலைந்து விலை இருக்கும். ஐம்பத்திரண்டாம் வயதில் டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொல்லி, கைக்கு வேறு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார். மற்றவர்கள் நடைப்பயிற்சிக்குப் போனார்கள். கடைசிவிலை கண்ணாடி வேலையில் இறங்கினார்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கண்ணாடிமேல் ஸ்டிக்கர் தாளை ஒட்டி, பூவோ இலையோ வரைந்து, பிளேடால் வெட்டி உரித்து, அந்த இடத்தில் கண்ணாடியை அரிக்கும் பசையைத் தடவிப் பத்து நிமிஷம் பொறுத்துக் கழுவினால், உரித்த இடம் மட்டும் பனி படர்ந்தாற்போல் வெளுத்துவிடும். இப்படிக் கொடி படர்ந்த டம்ளர்களும் மீன் நீந்தும் தட்டுகளும் செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு என்ன கேட்கப்போகிறாரோ என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தார்கள். பெட்டி செய்வதில்தான் சிக்கல். அதன் பக்கங்களை ஒட்டும் பசை வேறு, அது வெயில் பட்டால்தான் இறுகும். ஆகவே நிழலில் வைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல் பொருத்திச் சரிபார்த்த பிறகே வெயிலில் காட்ட வேண்டும். அப்படிச் சரிபார்க்க ஆகும் பத்து நிமிஷத்தைச் சும்மா விட மனசு வராத வியாபாரி, அந்தச் செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் நேராக வெயிலிலேயே உட்கார்ந்து மூடியை ஒட்டினார். வைத்த கணமே பசை பிடித்துக்கொண்டது. மூலையில் அவருடைய கட்டைவிரல் ரேகை பசைக்குள் அகப்பட்டது. நாலு பக்கமும் முழுசாக இறுக நாற்பது நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒரு மேகம் போனது, ஒரு புறா பறந்தது.

சாயங்காலம் அவர் மனைவி கூடத்துக்கு வந்து, "ஏங்க, விளக்க அணைங்க, கண்ணு கூசுது" என்றாள்.

"விளக்கே போடலையேம்மா."

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். சுவரெல்லாம் வெயில். பரண்மேல் அடுக்கியிருந்த பழைய பெட்டிகளின் துரு வரைக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கூரையில் ஒரு புறாவின் நிழல் குறுக்கே போனது. பிறகு ஒரு மேகம் வந்து கூடத்தை மங்கச் செய்துவிட்டுப் போனது. நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை அதே புறா, அதே மேகம். மனைவி உள்ளே போய் ஈரத் துண்டை எடுத்துவந்து நாற்காலியில் விரித்தாள். கால் மணி நேரத்தில் காய்ந்தது.

செய்தி வீதிக்குப் போயிற்று. முதலில் வந்தவர் அடுத்த கடைக் கயிற்று வியாபாரி. பெட்டியைச் சுற்றி மூன்று முறை நடந்துவிட்டு, அக்கறையில்லாதவர்போல் என்ன விலை என்றார். கடைசிவிலை ஒரு விலை சொன்னார். பெட்டிக்குள் வெயில் மாலை நாலு மணிக்கு இறங்கியது. கயிற்று வியாபாரி பாதி கேட்டார். பெட்டிக்குள் ஐந்தரை மணி ஆயிற்று. பேரம் படிந்து இருவரும் கை குலுக்கியபோது பெட்டி சாதாரணக் கண்ணாடியாக இருந்தது. "ஓட்டை டார்ச்ச என் தலையில கட்டப் பாத்தியேய்யா" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பியதும் கூடத்தில் மறுபடி பதினொன்றே கால் மணி. "விலை பேசினா அதுக்குப் பிடிக்கல" என்றாள் மனைவி. கடைசிவிலை அதே வெயிலில், அதே இடத்தில், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னும் பதினொரு பெட்டி செய்து பார்த்தார். எல்லாம் வெறும் பெட்டிதான்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. மூன்று தெரு தள்ளி, இரண்டு கிடங்குகளுக்கு நடுவில் இடுக்கின வீட்டில் இருந்தாள். அங்கே வெயில் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த வீட்டுக்கு அவள் குடிவந்த அன்று அண்ணன் ஒரு கண்ணாடி ஜாடியும் ஆறு டம்ளரும் கொண்டுபோய்க் கொடுத்தார். அவை இருந்த அட்டைப்பெட்டியின் அடியில் வேறு யாரோ அவருக்குக் கொடுத்த வாழ்த்து அட்டை இருந்தது. மறுநாளே அவள் அட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அதோடு போயிருக்கும். கடைசிவிலை அதை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்பது வருஷமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை.

பெட்டி செய்த அந்த மாதம் தங்கையின் கணவர் கடைக்கு வந்து, சுவரில் கைப்பிடி மாட்டப் பெரிய திருகாணி கேட்டார். விசாரித்ததில், அவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோய்ப் படுக்கையில் இருந்தாள்.

"எலும்புல சத்தே இல்லையாம் மச்சான். வெயில் படலைன்னா ஒட்டாதுங்கிறார் டாக்டர். தூக்கிட்டு வெளியில போகவும் கூடாதாம். வெயில நான் எந்தக் கடையில வாங்க?"

கடைசிவிலை திருகாணிகளைப் பொட்டலம் கட்டாமலே கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் துணியைப் பிரித்தார். வெயில் கட்டிலில் ஏறி, கொடியில் தொங்கிய சேலைகளில் ஏறி, ஒன்பது வருஷமாக என்ன நிறம் என்றே தெரியாதிருந்த சுவரைப் பச்சை என்று காட்டியது. அவள் போர்வையை விலக்கிக் கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பியது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு நாக்கு நிற்கவில்லை.

"இப்பவாவது எங்கூடப் பேசுவியா?"

அறை இருண்டது.

தங்கையும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான். "விலை சொல்லிட்டியே" என்றாள், சுவர்ப்பக்கமாக.

அவர் பதறிப்போய், பழக்கத்தில் விலையை இறக்க ஆரம்பித்தார். தினமும் பேச வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்றார். மாசத்துக்கு ஒண்ணு என்றார். வருஷத்துக்கு ஒரே ஒரு வார்த்தை, அது திட்டாக இருந்தாலும் சரி என்றார். ஒவ்வொன்றுக்கும் இருட்டு கெட்டியானது. கடைசியில், அவருடைய பிழைப்பிலேயே முதன்முறையாக, அதற்குக் கீழே சொல்ல அவரிடம் விலை இல்லை. பெட்டியைக் கட்டிலருகே வைத்துவிட்டு, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தார். செருப்பைக்கூட மறந்துவிட்டார். தெருவில் பத்தடி நடந்திருப்பார். பின்னால் அந்த வீட்டுச் சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சம் நீண்டு வந்து, கிடங்குச் சுவரில் விழுந்து, அவர் கால்வரைக்கும் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எதையாவது கேட்டுவிடுவார்.

அதன்பிறகு ஏழு மாதம் அவர் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாங்களேன் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "போனா கேட்டுடுவேன்மா" என்றார். தங்கை வீட்டில் வெயில் அடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் துணி காயப்போட அங்கே வந்தார்கள். மேகம் வரும் நேரம் அவர்களுக்கு மனப்பாடமாகி, அதற்குமுன் துணியைத் திருப்பிப் போட்டார்கள். மீட்டர் பார்க்க வந்தவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, எண்ணைக் குறித்துவிட்டுப் போனார்.

எட்டாவது மாதம், ஒரு கையில் ஊன்றுகோலும் வெயில் பட்டுக் கறுத்த முகமுமாகத் தங்கை கடைப்படி ஏறி வந்தாள். கடைசிவிலை எழுந்து நின்றார்.

"ரெண்டு கொக்கி வேணும். கொடி இன்னொண்ணு கட்டணும், துணி போட எடமில்ல" என்றாள் அவள். பிறகு, கொக்கிகளைப் பார்த்துக்கொண்டே, "படுத்துக் கிடந்தா எதிர்ச்சுவத்துல உன் கட்டவிரல் நிழல் தெரியும். கதவு ஒசரத்துக்கு. நடுவுல அந்தத் தழும்பு. கல்லாப்பெட்டி மூடிய உன் விரல்மேல சாத்தினேனே, ஆறு வயசுல" என்றாள். "இந்தத் தடவ ஒனக்கு யாரோ குடுத்தத எனக்குக் குடுக்கல நீ. அது முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. நீயா வருவேன்னு பாத்தேன்."

அவர் கொக்கிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எவ்வளவு?"

அவர் மூன்று தெருவுக்கு அப்பால் காய்ந்துகொண்டிருந்த துணிகளை நினைத்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

தங்கை சிரித்தாள். "இது கடைண்ணே. இங்க விலை சொல்லலாம்."

"அப்ப சரி" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுதான் கடைசி விலை."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதில் பாதி கேட்டாள். பேரம் மத்தியானம் வரை போயிற்று. அதற்குள் அவள் வீட்டில் அந்தப் புறா மூன்று முறை பறந்தது.