குதிகாலார் காட்டிய உடல்

உச்சிக் கதிரவன் உருக்கிய ஈயம்போல் ஒளியைச் சொரிய, அங்காடித் தெருவின் தகரக் கூரைகள் கண்கூசப் பளபளக்க, காய்க்கூடைகளும் துணிப்பொதிகளும் தோளோடு தோள் உரசும் மாந்தரும் செறிந்து நிறைந்திருந்த நண்பகலில், ஆற்றுக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட எறிகணைகள் மூன்று, மூச்சுவிடும் இடைவெளியும் தராமல் வந்து வீழ்ந்தன. முதலாவது கடைகளைக் கிழித்தது. இரண்டாவது, அடிபட்டோரைத் தூக்க ஓடிவந்தோரைக் கிழித்தது. மூன்றாவது, கிழிக்க எஞ்சியது யாதுமின்மையால், குருதியும் பழச்சாறும் கலந்து செங்குழம்பாய்க் கிடந்த தரையையே மீண்டும் உழுதது. முழங்கையோடு அறுந்த கையொன்று, விலை பேசிய விரல் மடங்கியபடியே, துலாத்தட்டில் கிடந்தது.

படிப்பவரே, அத்தெருவார் போருக்குப் பழகியவர். ஆதலின் துயரத்திற்கும் ஒரு முறைமை வகுத்திருந்தனர். சாவு விழுந்த வீட்டுப் பெண்டிர் பிணங்கள் கிடக்கும் மண்டபத்தை மிதித்தல் ஆகாது. சிதைந்த முகம் ஒருகால் கண்ணில் பட்டுவிட்டால் வாழ்நாளெல்லாம் அதுவே முகமாய் நின்றுவிடும் என்றஞ்சி, அயலாரே சென்று அடையாளம் கண்டு, போர்த்திக் கட்டிக் கொணர்ந்து, குழிதோண்டி இட்டு, அதன்பின் மூன்று திங்கள் அவ்வீட்டில் உலைவைத்து, நீர்சுமந்து, மகவுறங்க மடிகொடுப்பர். எதைக்கொண்டு அடையாளம் கண்டோம் என்பதை மட்டும் ஒருவரும் வாய்திறந்து சொல்லார்.

முகமற்ற உடல்களைக் காண அனுப்பப்பெற்றவர் செருப்புத் தைப்பவர். ஆள்முகம் மறந்தாலும் ஆள்குதிகால் மறவேன் என்று பீற்றிக்கொண்டமையால், குதிகாலார் என்றே அவரை ஊர் அழைத்தது. வரிசையாய்க் கிடத்திய பதினான்கு உடல்களுள், மார்புக்கு மேல் கரிக்கட்டையாகிவிட்ட ஒன்றின் காலணியில், தாமே ஒன்பது தையலிட்டுப் பொருத்திய கருந்தோல் ஒட்டைக் கண்டு, இவர் துணி நெய்யும் தறிகாரர் என்றார். அடுத்து முகம் சிதைந்து கிடந்தவன் வீட்டுக்குள் போடும் மெல்லிய செருப்பணிந்தவன். தம் கைத்தையல் படாத கால் ஆதலின், குதிகாலார் குனிந்தும் பாராமல் கடந்தார். உரிமைகோர ஆளில்லாத அவ்வுடல் மேட்டுநிலத்தில், பெயரில்லாத குழியொன்றில் இடப்பட்டது.

அன்றே அடுமனைக்காரரும் காணாமற்போனார். ஆற்றங்கரைக்கு மாவெடுக்கச் சென்ற சிலரைப் பகைவர் பிடித்துச் சென்றதாய்ச் செய்தி பரவ, தம் கணவரும் அவருள் ஒருவரென்றே நம்பி, அவர் மனைவி கண்ணீர் சிந்தாமல் காத்திருந்தார். இருபதாம் நாள் காலை அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: மறுநாள் விடியலில் பால்குடி மகவோடு பாலம் கடந்து, சிறைவாயிலில் போய்க் கேட்பதென்று. அப்பாலத்தில் முந்திய வாரம்தான் இரு பெண்கள் சுடப்பட்டு, எடுப்பாரின்றி, காகம் கொத்தக் கிடந்தனர். தெருவே கெஞ்சியும் அவர் செவிசாய்க்கவில்லை.

அன்று பிற்பகல், தறிகாரர் வீட்டில் உடைந்த கதவைச் சீர்செய்துகொண்டிருந்த குதிகாலாரிடம், அவ்வீட்டுக்காரி நூற்பொதிகளின் பின்னிருந்து எடுத்த காலணி இரண்டை நீட்டினார்.

"யாருக்காச்சும் குடுங்கண்ணே. அன்னிக்கு இதைப் போடாம, வீட்டுச் செருப்போடயே ஓடினாரு. புதுசா தைச்சது, தேஞ்சிடுமாம். அவ்வளவு கஞ்சம்."

குதிகாலில் கருந்தோல் ஒட்டு. எண்ணினார், ஒன்பது தையல். ஒரே தோல் துண்டை இரண்டாய் வெட்டி, ஒரே மாலையில் தறிகாரருக்கும் அடுமனைக்காரருக்கும் தைத்துத் தந்தது, இடிவிழுந்த மரம் பிளந்தாற்போல் நினைவில் பிளந்தது. வாய்மூடி இருந்துவிட்டால் ஒருத்திக்குக் குழியும் மற்றவளுக்கு நம்பிக்கையும் எஞ்சுமே என்று ஒரு கணம் தடுமாறினார். ஆனால் விடிந்தால் பாலம். காலணிகளை நழுவவிட்டு ஓடினார்.

அடுமனையுள் அடுமனைக்காரர் மனைவி வழிக்கான அப்பங்களைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, பாலம் ஏறாதம்மா. உன் வீட்டுக்காரர் அங்க இல்ல. தறிகாரர்னு புதைச்சோமே, அது அவருதான். நான்தான் ஆள் மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் முடிச்சை முழுதும் இறுக்கிவிட்டே திரும்பினாள். திரும்பிய கையில் அடுப்பு கிளறும் இரும்புக்கோல் இருந்தது. முதல் அடி தோளெலும்பை நொறுக்கியது. இரண்டாவது நெற்றியைப் பிளந்தது. மாவுப்பலகைமேல் குருதி மழைத்துளியாய்ப் பொட்டிட்டது. அவர் கைதூக்கித் தடுக்கவில்லை.

"காலைப் பாத்தே ஆளைச் சொல்லுவியே. என் புருஷன் காலு மட்டும் உனக்குத் தெரியாமப் போச்சா?"

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கோலைப் பின்னின்று ஒரு கை பற்றியது. குதிகாலார் ஓடிய ஓட்டம் கண்டு ஐயுற்றுத் தொடர்ந்து வந்து, வாயிலில் நின்று அனைத்தும் கேட்ட தறிகாரர் மனைவியின் கை அது. முகம் சுண்ணம்போல் வெளிறியிருந்தது; குரல் நடுங்கவில்லை.

"விடு. இவரும் செத்துட்டா என் வீட்டுக்காரர் எந்தக் குழியில இருக்காருன்னு யாரு காட்டுறது?"

கோல் தரையில் வீழ்ந்தது. அடுமனைக்காரி அப்போதுதான், இருபது நாளும் அடைத்துவைத்திருந்த கண்ணீர் கரையுடைக்க, அடுப்படியில் சரிந்தாள். தறிகாரி அவளருகே அமர்ந்து, கலைந்த கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"இருபது நாளா உன் வீட்டுக்காரருக்கு நான் அழுதிருக்கேன். ஒரு நாளும் குறை வைக்கல. என் வீட்டுக்காரருக்குத்தான் யாருமே அழல. எந்திரி. நீ வந்து அழணும்."

மேட்டுநிலத்தை அவர்கள் அடைந்தபோது கதிரவன் சாய்ந்திருந்தான். பிளந்த நெற்றியைத் துணியால் இறுக்கியிருந்த குதிகாலார், பெயரற்ற குழியைக் காட்டிவிட்டு, ஏறிட்டுப் பார்க்கவும் துணிவின்றித் தொலைவில் நின்றார். தனக்கு உறவல்லாத, இரண்டொரு சொல்லன்றிப் பேசியறியாத மனிதனுக்காக அடுமனைக்காரி மண்ணில் முகம்புதைத்து முதலில் அழுதாள். அவ்வழுகையைத் தறிகாரி, தாகித்தவள் நீரைப் பருகுதல்போல், அசையாமல் கேட்டிருந்தாள்.

ஆற்றுக்கு அப்பால் எறிகணைகள் மறுபடியும் முழங்கத் தொடங்கின; இருவரும் எழவில்லை. முகத்தைக் காட்டாமல் காத்தலே அருளென்று நம்பிய அத்தெருவார், மறுநாள்முதல் மண்டபத்தின் கதவைத் திறந்துவைத்தனர். காண விரும்பும் பெண்ணோடு உடன்சென்று, அவள் குனியும்போது தோளைத் தாங்கிப் பிடித்தனர். துன்பத்தை ஒருவரிடமிருந்து பறித்துத் தாம் சுமந்துவிட மனிதரால் இயலாது போலும். பக்கத்தில் நின்று ஒரு முனையைப் பிடிக்கத்தான் இயலும்.