சத்தம் போடாத கார்டு

என் தம்பிக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. வாயைத் திறந்தால் மூடமாட்டான். கிடங்கு வேலையை விட்டுவிட்டு அந்த வாயை வைத்தே பிழைக்கப் போகிறேன் என்று கிளம்பினான். புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்கும் வேலை. நல்லதுதான். ஆனால் எங்களுடையது இரண்டே அறை வீடு. ஓர் அறையில் அவனும் அவன் மைக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் கம்ப்யூட்டரும்.

இன்னும் கட்டாத வீடுகளைக் காட்டுவது என் வேலை. வரைபடத்தைக் கொடுத்தால் சோபா, ஜன்னல், ஜன்னல் வழியே விழும் வெயில் எல்லாவற்றோடும் உள்ளே நடந்து போவதுபோல் வீடியோ செய்து தருவேன். அந்த வெயிலைக் கணக்குப் போடுவது கிராபிக்ஸ் கார்டு. கணக்குப் போடும்போது அதன் மூன்று குட்டி ஃபேன்களும் மிக்ஸியில் ஆணியைப் போட்டு அரைத்த மாதிரி அலறும்.

ஒலிப்புத்தகக் கம்பெனி அவனுடைய மாதிரிப் பதிவை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. பின்னால் ஏதோ ஊளைச் சத்தம் கேட்கிறதாம். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. ஒரு முழு அத்தியாயம், வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் படித்து, இன்று நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். எனக்கோ ஐந்து மணிக்குள் கட்டடக்காரருக்கு வீடியோ போயாக வேண்டும். மெஷின் இடைவிடாமல் ஓடினால்தான் முடியும். தவறினால் இனி இந்தப் பக்கமே வராதீர்கள் என்று அவர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

தம்பி அலமாரிக்குள் உட்கார்ந்து படித்துப் பார்த்தான், மூச்சு முட்டியது. குளியலறையில் எதிரொலித்தது. நண்பனுடைய காரில் படித்தபோது தெருநாய்களும் கூடவே படித்தன.

இந்த ஊளைச் சத்தக் கதையை நான் நம்பவில்லை. பையனுக்குப் படிக்க வரவில்லை, பழியைத் தூக்கி என் மெஷின் தலையில் போடுகிறான் என்றுதான் நினைத்தேன். அதனாலேயே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். சத்தத்தை ஒழித்துவிட்டால் குற்றம் யாருடையது என்று தெரிந்துவிடும் அல்லவா?

ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்தேன்.

"கழட்டினா வாரன்ட்டி போயிடும்க்கா" என்றான்.

"போனா போகட்டும். இத்தனை நாள் இருந்து என்னத்தக் கிழிச்சுது? அந்த டார்ச்சைப் பிடி, வாயை மூடு."

கார்டின் பிளாஸ்டிக் மூடியை ஃபேன்களோடு சேர்த்துக் கழற்றி எடுத்தேன். அடியில் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகத் தெரிந்தன. பழைய கம்ப்யூட்டரில் கிடந்த இரண்டு பெரிய ஃபேன்களைத் துடைத்து, அந்தத் தகடுகளின் மேல் படுக்க வைத்து, கேபிள் டை போட்டு இறுக்கினேன். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே காற்று நிறைய வரும், சத்தமும் இருக்காது. அவற்றின் ஒயர் கார்டில் பொருந்தவில்லை. மதர்போர்டில் காலியாக இருந்த இடத்தில் செருகிவிட்டேன்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் எல்லா ஃபேன்களும் வழக்கம்போல ஒரு நிமிடம் ஊளையிட்டு அடங்கின. வேலையை ஓடவிட்டேன். சத்தமே இல்லை.

"ஓடுதாக்கா?"

"ஓடுது. வேணும்னா காதை வச்சுக் கேளு."

நிஜமாகவே குனிந்து காதை வைத்தான். முகமெல்லாம் சிரிப்பு. "நான் வெளிய வர்ற வரைக்கும் இருமக்கூடக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

கொஞ்ச நேரம் என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு இருந்தேன். பிறகு திரையின் ஓரத்தைப் பார்த்தேன். கார்டின் சூடு எழுபத்தெட்டு டிகிரி. ஏறும், அப்புறம் நிற்கும் என்று நினைத்தேன். எண்பத்து மூன்றானது. நிற்கவில்லை. ஃபேன்களைப் பார்த்தேன், அவை இன்னும் சோம்பலாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பொட்டில் அறைந்தாற்போல் உறைத்தது. மதர்போர்டில் செருகினால் அது கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் சூட்டைப் பார்த்துத்தான் ஃபேனை வேகப்படுத்தும். பிராசசருக்கு இப்போது வேலையே இல்லை, அது ஜில்லென்று இருக்கிறது. பக்கத்தில் கார்டு வேகிறது என்று அந்த ஃபேன்களுக்கு யார் சொல்வது? நான் கொண்டாடிய அமைதி என் முட்டாள்தனத்தின் அமைதி.

எண்பத்தாறு. சரிசெய்ய வேண்டுமானால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். போட்டால் அந்த ஒரு நிமிட ஊளை. இல்லையென்றால் ஒயரைப் பிடுங்கி நேராகக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் கொடுக்க வேண்டும். முழு வேகத்தில் சுற்றும், கார்டு பிழைக்கும், என் வீடியோவும் முடியும். அவன் பதிவு நாசமாகும்.

ஓர் அட்டையை எடுத்து விசிறினேன். சிரிக்காதீர்கள், வேறு வழி தெரியவில்லை. சூடு ஒரு டிகிரி இறங்கியது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கையை மாற்றுவதற்குள் எண்பத்தெட்டுக்குப் போனது. வியர்வை கண்ணில் இறங்கியது. தொண்ணூறு.

அட்டையைக் கீழே வைத்தேன். ஃபேன் ஒயரை விரல்களில் பிடித்தேன். இழுத்துப் பவர் சப்ளையில் செருக வேண்டியதுதான். எப்படியும் அவன் சுமாராகத்தான் படிக்கப்போகிறான், இருக்கிற வருமானத்தையும் எதற்கு இழக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது.

காணாமல் போன கணவனைத் தேடி ஒரு பெண் பிணவறை வாசலில் நிற்கிறாள். காவலாளி சாவியைத் தேடுகிறான். என் தம்பி அழுகையைக் குரலில் கொண்டுவரவில்லை, பெண் குரலில் பேசிக்காட்டவும் இல்லை. காவலாளி பேசும்போது மட்டும் லேசாகச் சலித்துக்கொண்டான். அவள் வாய் திறக்கும் முன் ஒரு நொடி நிறுத்தினான். அந்த ஒரு நொடியில் நான் திரையைப் பார்க்க மறந்தேன்.

இவனா படிக்கிறான்? எந்நேரமும் தொணதொணக்கிற என் ரேடியோவா? அவன் படிக்கும்போதெல்லாம் என் மெஷின் அலறிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் படித்து நான் ஒரு வரிகூடக் கேட்டதில்லை. கேட்காமலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஒயரை விட்டேன். மவுஸை நகர்த்தி, ஓடிக்கொண்டிருந்த வீடியோ வேலையை நிறுத்தினேன். கார்டின் சூடு மளமளவென்று இறங்கியது. ஐந்து மணி கைநழுவிப் போனது. தரையில் நகர்ந்து கதவில் காதை வைத்து உட்கார்ந்தேன். காவலாளி துணியை விலக்கினான். அவள் பார்த்தாள். அது அவள் கணவன் இல்லை. அவள் அப்போதுதான் அழுதாள்.

நானும் அழுதேன், வாயைப் பொத்திக்கொண்டு.

அவன் வெளியே வந்தபோது நான் கட்டடக்காரரிடம் போனில் இருந்தேன். இன்றைக்கு ஆகாது என்றேன். அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். தம்பி என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"மெஷின் போயிடுச்சாக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. நான்தான் நிறுத்தினேன். மொதல்ல உன் பதிவை அனுப்பு, நாலு மணி ஆகப்போகுது."

அனுப்பிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். "எதுக்குக்கா நிறுத்தினே?"

"அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்னு இருந்துச்சு."

"லூசாக்கா நீ? கேட்டிருந்தா அப்புறம் உனக்குத் தனியா படிச்சுக் காட்டியிருப்பேனே."

"காட்டியிருப்பே. ஆனா நான் உக்காந்து கேட்டிருக்க மாட்டேன்டா."